எஞ்சின் நின்றால் விமானம் விழுந்துவிடுமா?



2025 நவம்பர் 13 அன்று சேலத்தில் இருந்து கிளம்பிய ஒரு சிறிய பயிற்சி விமானம், கோளாறு காரணமாகத் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், கீரனூர் பக்கம் அவசரமாகத் தரையிறங்கியது. உள்ளே இருந்த இருவரும் பிழைத்தார்கள். அந்த வீடியோவைக் குடும்பக் குழுவில் போட்டு, "இதுக்குத்தான் இந்தப் படிப்பு வேண்டாம்னு சொன்னோம்" என்று பெரியவர்கள் எழுதினார்கள். விமானி ஆக ஆசைப்படும் என் தங்கை பேத்தி பதிலே போடவில்லை. அவளுக்காகவும் அவளைப் பெற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எஞ்சின் நின்றதும் விமானம் கல் மாதிரி விழாது. அதைத் தூக்கிப் பிடிப்பது இறக்கைமேல் ஓடும் காற்று. இறக்கத்தில் மிதிக்காமலே சைக்கிள் ஓடுகிறதல்லவா? அதுபோல விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, உயரத்தைச் செலவு செய்து வேகத்தைக் காப்பாற்றுகிறார். வகுப்பில் நாம் படித்த நிலையாற்றல்தான்.

பயிற்சிக்கு அதிகம் பயன்படும் செஸ்னா 172, காற்று வீசாத நாளில் 1 கி.மீ. உயரத்தில் இருந்து சுமார் 9 கி.மீ. மிதந்து வரும். செண்பகத்தோப்புக்கு மேலே அந்த உயரத்தில் எஞ்சின் நின்றால், ஏறக்குறைய ஸ்ரீவில்லிபுத்தூர் வரை வந்துவிடலாம். மணிக்கு 120 கி.மீ. வேகம் என்றால் கையில் இருப்பது நாலரை நிமிடம்.

அதற்குள் என்ன செய்ய வேண்டும்? முதலில் வேகத்தைச் சரியாக வைக்க வேண்டும். அடுத்து இடம். மேற்கே மலை, அதனால் கிழக்கே திரும்ப வேண்டும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் ஆகாது. சாலையில் மின்கம்பியும் வண்டிகளும் இருக்கும். அறுவடை முடிந்த வயலோ வற்றிய கண்மாயோ கிடைத்தால் நல்லது. காற்றுக்கு எதிராக இறங்க வேண்டும். நேரம் மிஞ்சினால் காரணத்தைத் தேடலாம்: பெட்ரோல் தீர்ந்ததா, வேறு டேங்குக்கு மாற்ற வேண்டுமா, கார்புரேட்டரில் பனி பிடித்ததா? ஈரக் காற்றில், நம் ஊர் வெயிலிலும் கூட, கார்புரேட்டருக்குள் பனி உறையும். பிறகு ரேடியோவில் 'மேடே' சொல்ல வேண்டும்.

பல உயிர்கள் போவது எஞ்சின் நின்றதால் அல்ல. ஏறிய உடனே எஞ்சின் நின்றால், உயரம் போதாமலே ஓடுபாதைக்குத் திரும்பப் பார்ப்பார்கள். இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று மூக்கைத் தூக்குவார்கள். வேகம் குறையும், இறக்கை பிடிப்பை இழக்கும். அப்போதுதான் விமானம் உண்மையிலேயே விழும். விமானம் உடைந்தாலும் பரவாயில்லை, ஆள் பிழைக்க வேண்டும் என்று அந்த நொடியே முடிவு எடுக்கத் தெரிய வேண்டும்.

அதற்காகத்தான் பயிற்றுநர் பறக்கும்போதே திடீரென எஞ்சின் வேகத்தைக் குறைத்து, "இப்போ எங்கே இறங்குவே?" என்று கேட்கிறார். ஆகவே, வேண்டாம் என்று சொல்லும் முன் பயிற்சி நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். இந்தப் பயிற்சியை எத்தனை முறை தருகிறார்கள், கிளம்பும் முன் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வடித்துப் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

எல்லோருக்கும் ஒன்று: உங்கள் வயலில் விமானம் இறங்கினால் செல்ஃபி எடுக்க ஓடாதீர்கள். புரொப்பல்லர் பக்கம் போக வேண்டாம், பீடி, தீப்பெட்டி கூடாது. முதலில் 112க்குப் போன் செய்யுங்கள்.