நல்லதைச் சொல்ல ஒரு நடை

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தாலே பெற்றவர்களுக்குப் பயம்தான். சிறப்புக் குழந்தையைப் பெற்றவர்களுக்கு அது இரட்டிப்பு. யாரையாவது கடித்துவிட்டானா, விழுந்துவிட்டாளா, நாளையிலிருந்து அனுப்ப வேண்டாம் என்று சொல்லப்போகிறார்களா என்று மனசு அடித்துக்கொள்ளும். சிறப்பாசிரியராக நெல்லைக் கடற்கரை ஊர்களுக்குப் போய்வரும் எனக்கு, அந்தப் பயத்தைப் போக்குவதே வேலையில் பாதி என்று தோன்றும்.

அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. பிள்ளை பிறந்த நாள் முதல் அவர்கள் கேட்டதெல்லாம் குறைகளைத்தான். கழுத்து நிற்கவில்லை, பேச்சு வரவில்லை, சொன்னது புரியவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளை 21 வகையாகப் பட்டியலிடுகிறது. பல சலுகைகளைப் பெற, பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று மருத்துவச் சான்று வேண்டும். உதவி கிடைக்க அந்தக் கணக்கு தேவைதான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு என்னென்ன வரும் என்று எழுத அடையாள அட்டையில் இடமில்லை. அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர்கள்.

உவரியில் ஒரு வீடு. பையனுக்கு அறிவுசார் குறைபாடு. கலர் கட்டைகளைக் கொடுத்து, சிவப்பைத் தனியாக, மஞ்சளைத் தனியாக வை என்றால் எல்லாவற்றையும் தள்ளிவிடுவான். ஒருநாள் நான் போனபோது ஆச்சி முற்றத்தில் மீனைக் கொட்டியிருந்தார். அவன் குத்தவைத்து உட்கார்ந்து நெத்திலியை ஒரு சட்டியிலும் சாளையை இன்னொரு சட்டியிலும் போட்டுக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு காரல் கையில் அகப்பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தான். இரண்டு சட்டியிலும் போடாமல் தரையில் தனியாக வைத்தான்.

அவன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “வகை பிரிக்கான் பாருங்க. எதுலயும் சேராதது எதுன்னும் அவனுக்குத் தெரியுது. கணக்குக்கு இதான் முதல் படி.”

“என்ன குத்தஞ்சொல்ல வந்திருக்கியளோன்னு பயந்துட்டேன் டீச்சர்” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “தெனமும்தான் செய்யுதான். வெளயாடுதான்னுல்லா நெனச்சேன்” என்றார்.

மகனுக்காக அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய் தவறாமல் போகிறவர். அவன் கை செய்வதைக் கவனித்துப் பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அடுத்த முறை நான் கேட்பதற்கு முன்பே, வலையின் மிதவைகளையும் ஈயக்குண்டுகளையும் அவன் பிரித்து வைத்த கதையைச் சொன்னார்.

தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், சின்னக் குழந்தைகளின் ஆரம்பநிலைப் பயிற்சியில் பெற்றோரையும் சேர்த்துப் பழக்குகிறது. எங்களைப் போன்றவர்கள் பிள்ளையோடு இருப்பது சில மணி நேரம்தான்; அம்மா நாள் முழுக்க இருக்கிறார். அந்தக் கண்கள் குறையை மட்டும் தேடினால் பயிற்சி வீட்டு வாசலோடு நின்றுவிடும்.

“நல்லா பண்ணுதான்” என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று பெற்றவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். என்ன செய்தான், எப்போது செய்தான், அதனால் அடுத்து என்ன வரும் என்று சொன்னால்தான் நம்புவார்கள். ஒரு புகாருக்கு முன்னுரையாகச் சொன்ன நல்ல வார்த்தையும் காதில் ஏறாது. அதை மட்டும் சொல்வதற்கென்றே ஒரு நடை போக வேண்டும்.

அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவதும் சரியில்லை. இப்படிப்பட்ட பிள்ளை பிறந்தால் பழி விழுவது பெரும்பாலும் தாய் தலையில்தான். கடலுக்குப் போய் வந்த அப்பாவும், மாமியாரும், எல்லோருக்கும் மேலாக அந்தப் பிள்ளையும் இருக்கும்போதே சொல்ல வேண்டும். தன்னைப் பற்றித்தான் நல்லது பேசுகிறார்கள் என்பது பேச்சு வராத பிள்ளைக்கும் தெரியும்.

கஷ்டமான விஷயத்தைச் சொல்ல வேண்டிய நாளும் வரத்தான் செய்யும். நல்லதைக் கேட்டுப் பழகிய வீட்டில் அன்றைக்கு “என்ன செஞ்சான்?” என்று நடுங்க மாட்டார்கள். “என்ன செய்யலாம் டீச்சர்?” என்று கேட்பார்கள்.