டிரை சால்டர்

ஈயம் உருகி ரோஸின் புகைகிற வாசம் எங்கே வந்தாலும் எனக்குத் தூத்துக்குடி உப்புக்காற்றும் கூடவே வந்துவிடும். இரண்டும் கலந்து கிடந்த இடம் ரேடியோ அண்ணாச்சியின் கடை. பனிமய மாதா கோயிலிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பலகைக் கதவு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் கூரை வரைக்கும் முதுகைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மர்பி, புஷ், பிலிப்ஸ் பெட்டிகள். சலூன்களிலும் டீக்கடைகளிலும் 'இங்கு அரசியல் பேசக் கூடாது' என்று எழுதி மாட்டியிருந்த காலம். அண்ணாச்சி கடையில் அந்தப் பலகை கிடையாது. எந்த செட்டு நல்ல செட்டு, எந்தக் கம்பெனி ஏமாற்றுகிறது, எந்த மந்திரி புளுகுகிறார், இந்த மூன்றும்தான் அங்கே பேச்சு. மூன்றையும் ஒரே குரலில் சொல்வார். கையில் திருப்புளி இருக்கும், தலை நிமிராது.

1982-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய்விடுவேன்.

ஒரு தீபாவளிக்கு முன்னால் உப்பளத்தில் வேலை பார்க்கிறவர் ஒருவர் போனஸ் பணத்தோடு வந்து நின்றார். எதிர்க்கடையில் பெரிய டேப் ரிக்கார்டர் ஒன்று பார்த்து வைத்திருந்தார். பாட்டுக்கு ஏற்ப விளக்கு ஓடும். மூன்று ஸ்பீக்கர். வாங்கலாமா என்று கேட்க வந்திருந்தார்.

"மூணு ஸ்பீக்கர்னு யார் சொன்னா? எண்ணிப் பாத்தியளா?"

"முன்னால தெரியுதுல்லா அண்ணாச்சி."

அண்ணாச்சி எழுந்து அதே மாதிரி செட்டு ஒன்றை அலமாரியிலிருந்து இறக்கினார். நாலு திருகாணி. முதுகைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். ஓரத்து இரண்டில்தான் காந்தமும் கம்பியும் இருந்தன. நடுவில் இருந்தது வெறும் வலைத்தகடு.

"உம்ம உப்பளத்துக் காத்துக்கு இது ஆறு மாசம் தாங்காது. செம்புல களிம்பு ஏறிரும். சின்ன டிரான்சிஸ்டர் ஒண்ணு எடும். மிச்சக் காசுக்குப் பிள்ளையளுக்குத் துணி வாங்கும்."

அவர் முகம் வாடிப் போனதை நான் பார்த்தேன். அண்ணாச்சியும் பார்த்திருப்பார். ஆனாலும் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. எதிர்க்கடைக்காரர் அதற்கப்புறம் ஒரு வருசம் அண்ணாச்சியோடு பேசவில்லை.

கம்பெனி ஆட்களும் வருவார்கள். ஒருமுறை மெட்ராஸிலிருந்து ஒருவர் வந்தார். கடைக்கு வாசலை அடைக்கிற அளவுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தருவதாகவும், தங்கள் செட்டைச் சொல்லிவிட்டால் பெட்டிக்கு இவ்வளவு என்று தருவதாகவும் பேசினார். அண்ணாச்சி டீ வாங்கிக் கொடுத்தார். "உங்க செட்டுல ட்ரான்ஸ்பார்மர் சூடாவுது. அத மாத்திட்டு வாங்க, சொல்லுதேன்" என்றார். கடைக்குக் கடைசி வரை பெயர்ப்பலகை இல்லாமலே போய்விட்டது.

டிரை சால்டர் என்ற சொல்லை நான் படித்தது அங்கேதான். ஒரு ரேடியோ கொஞ்ச நேரம் பாடும், தட்டினால் நிற்கும், இன்னொரு தட்டுக்குப் பாடும். வால்வு நன்றாக இருக்கும், கண்டென்சர் நன்றாக இருக்கும், மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே காட்டும். எங்கோ ஓர் இடத்தில் ஈயம் கம்பியின் மேல் உட்கார்ந்திருக்கும், ஆனால் பிடித்திருக்காது. மேலே இருந்து பார்த்தால் பற்றவைத்த மாதிரியே தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு மூங்கில் குச்சியால் ஒவ்வொரு முடிச்சாக அசைத்துப் பார்க்க வேண்டும். முதலில் நான் பற்றவைத்த பத்து முடிச்சையும் அண்ணாச்சி அந்தக் குச்சியால் தட்டி, ஏழைப் பிடுங்கி எறிந்தார். "கம்பி சூடாகணும்லே. ஈயத்த மட்டும் உருக்கி ஊத்துனா அது எப்படிப் பிடிக்கும்?"

தலைவர்களின் பேச்சையும் அதே குச்சியால்தான் தட்டுவார். மைதானக் கூட்டம் முடிந்து வருகிறவர்கள் கடையில் நின்று சொல்வதைக் கேட்டுவிட்டு, "டிரை சால்டர்" என்பார். எந்தக் கட்சி என்பது அவருக்குக் கணக்கில்லை. ரேடியோ வைத்திருப்பதற்குத் தபாலாபீசில் வருசா வருசம் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்த காலத்தில், "பொட்டி நம்ம காசு, கரண்டு நம்ம காசு, கேக்கதுக்கு ஒரு கப்பமா?" என்று லைசென்ஸ் சோதனைக்கு வந்தவரிடமே கேட்டவர். ஆனால் அவரே போய் ஒழுங்காகக் கட்டிவிட்டும் வருவார்.

1983 ஜூலையில் அந்தக் கடை இருந்த இருப்பை நான் மறக்கவில்லை. 26-ஆம் தேதி மாதா கோயிலில் கொடியேற்றம். ஊரே திருவிழாவுக்குக் கூடியிருந்தது. கொழும்பில் தமிழர்கள் மேல் கலவரம் நடந்துகொண்டிருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள், தோணியில் போய் வந்தவர்கள், அங்கே சொந்தம் இருந்தவர்கள் எல்லாரும் கடை வாசலில் நின்றார்கள். வருசக்கணக்காக எங்களுக்குச் சினிமாப் பாட்டுப் போட்ட இலங்கை வானொலியில் ஒன்றும் பிடிபடவில்லை. அண்ணாச்சி சிற்றலையில் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். அன்றைக்கு அவர் எந்த அபிப்பிராயமும் சொல்லவில்லை. ராத்திரி பி.பி.சி. தமிழோசை முடிந்த பிறகும் ஒருவரும் நகரவில்லை.

அடுத்த வருசம் அக்டோபர் 31. காலையில் சுடப்பட்ட இந்திரா காந்தி இறந்துவிட்ட செய்தியை பி.பி.சி. பல மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிட்டது. நம் வானொலி சாயங்காலம்தான் சொன்னது. "கண்டவன் சொல்லுதான், வீட்டுக்காரன் சொல்ல மாட்டேங்கான்" என்றார் அண்ணாச்சி. அழுதுகொண்டுதான் சொன்னார்.

அந்த டிசம்பரில் தேர்தல். எம்.ஜி.ஆர். அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவரைப் படம்பிடித்த வீடியோவை ஊர் ஊராகப் போட்டார்கள். எங்கள் தெருமுனைக்கும் ஒரு டி.வி.யும் டெக்கும் வந்தன. டெக் கோடு கோடாக ஓட்டியதால் அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தார். படம் தெளிந்தது. பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு பாட்டி அண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு, "எய்யா, நீ மெசினு தெரிஞ்சவன். சொல்லு, அவரு உசுரோட இருக்காருல்லா?" என்று கேட்டாள்.

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும்.

"இத எடுத்த அன்னைக்கு உசுரோட இருந்தாரு ஆத்தா. அதுக்கு மேல நாடாவுக்குத் தெரியாது."

கூட்டத்தில் சிலர் பாய்ந்து வந்தார்கள். ஒருவர் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். பாட்டிதான் நடுவில் புகுந்து விலக்கினாள். எம்.ஜி.ஆர். ஊருக்கு வராமலே ஆண்டிபட்டியில் ஜெயித்தார். பிப்ரவரியில் திரும்பி வந்தார். அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி கடையில் இருந்த எல்லாருக்கும் டீ சொன்னார். அவர் எம்.ஜி.ஆர். ரசிகர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டில் டி.வி. வாங்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. மாடிக்கு மேல் இருபது அடிக் குழாய் நட்டு, ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டால் இலங்கையின் ரூபவாஹினி விழும். தூர்தர்ஷனின் தாழ்திறன் ஒளிபரப்பு வந்தபோது அதில் டெல்லி நிகழ்ச்சிகள்தான். அப்பா கேட்கப் போனார். "இப்ப வாங்காதிய சார். சிங்களத்துல நாடகம், இந்தியில சேதி, இதுக்கா மூவாயிரம்? மெட்ராஸ் நிகழ்ச்சி வாரப்ப நானே வந்து சொல்லுதேன்" என்றார். அம்மா அவரைத் திட்டாத நாளில்லை. கொடைக்கானல் மலையில் கோபுரம் எழுந்து மெட்ராஸ் நிகழ்ச்சிகள் வரத் தொடங்கியதும், சொன்னபடியே அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். ரயிலேறி எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்குச் சாமான் வாங்கப் போனவர், எங்களுக்காக ஒரு டயனோராவை விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

திறந்து பார்க்காத பொருளைப் பற்றி அவர் வாயைத் திறந்ததே இல்லை. ராஜீவ் காந்தி கம்ப்யூட்டர் கொண்டுவருகிறாரே, வேலையெல்லாம் போய்விடுமா என்று கல்லூரிப் பையன்கள் கேட்டார்கள். "நான் இன்னும் தொறந்து பாக்கலடே" என்பது மட்டும்தான் பதில். அவர் சொன்ன கடுமையான சொற்களையெல்லாம் நான் நம்பியது இந்த ஒரு பதிலால்தான் என்று இப்போது தோன்றுகிறது. இன்றைக்கு என் கையில் இருக்கும் போனைத் திறக்கத் திருகாணியே வெளியில் தெரியவில்லை. பசை போட்டு ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றி எல்லாருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது.

1990-களில் முடிச்சுகள் போய் போர்டுகள் வந்தன. கெட்டால் போர்டையே மாற்று என்றார்கள். கடைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். 2006-இல் இலவசக் கலர் டி.வி. கொடுத்தபோது அண்ணாச்சி கடையை மூடிப் பல வருசம் ஆகியிருந்தது. பார்க்கப் போனேன். "உப்பளத்து வீட்டுக்கெல்லாம் பொட்டி வந்துட்டு, நல்லதுதான். கேபிளுக்கு மாசக்காசு யாரு கட்டுவா?" என்றார். அதுதான் நான் கேட்ட அவருடைய கடைசி அபிப்பிராயம்.

கடை இருந்த இடத்தில் இப்போது போன் உறையும் சார்ஜரும் விற்கிறார்கள்.

அப்பா காலமான பின் வீட்டைக் காலி செய்தபோது பரணில் இருந்த வால்வு ரேடியோவை இறக்கினேன். அட்டை முதுகைக் கழற்றினேன். செம்பில் பச்சைக் களிம்பு. பெட்டியின் உட்பக்கப் பலகையில் பென்சில் எழுத்து. ரிப்பேருக்கு வந்த ஒவ்வொரு தடவையும் அண்ணாச்சி தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். டயல் நூல் மாற்றியது. கண்டென்சர் இரண்டு. ஸ்பீக்கர் இன்னும் இரண்டு வருசம் தாங்கும். கடைசி வரி 12-3-93: "வால்வு எங்கும் கிடைக்கவில்லை. இனி இதற்குச் செலவு செய்ய வேண்டாம்."

அந்த வரியை விரலால் தொட்டுவிட்டு, திருகாணிகளை நாலு மூலையிலும் திரும்ப முடுக்கினேன்.