குண்டுல் கொப்பியும் என் குரலும்

என்னுடைய பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. தந்தையின் விபரத்தில் இலங்கைச் சோனகர். தாயின் விபரத்தில் இலங்கை மலாயர். சின்ன வயதில் அதைப் பார்க்கும்போதெல்லாம் "அப்படியென்றால் நான் யார்?" என்று உம்மாவிடம் கேட்பேன். "நீ எங்கட மகள்" என்று சொல்லிவிட்டு உம்மா வேலையைப் பார்க்கப் போய்விடுவார். உயர்தர வகுப்புக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இப்போது அது "நான் யார்?" என்பதிலிருந்து "நான் எந்தக் குரலில் பேசுவது?" என்று மாறியிருக்கிறது.

வாப்பாவின் ஊர் வரக்காமுறை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கிக் கொழும்புக்கு அனுப்பும் சிறிய வியாபாரம் அவருக்கு. உக்குவளைப் பக்கத்திலிருந்து வரும் சிங்களத் தோட்டக்காரர்களோடு சிங்களத்தில் விலை பேசுவார். இறத்தோட்டையிலிருந்து மூடை கொண்டுவரும் அண்ணன்மாரோடு அவர்களுடைய தமிழில் பேசுவார். புத்தகத்தில் சாதிபத்திரி என்று படித்ததை ஒருநாள் நான் அவரிடம் சொன்னபோது, "அது எங்க காய்க்கிற சாமான்?" என்று கேட்டார். அவருக்கு அது எப்போதும் வசாவாசிதான். சிங்களச் சொல்தான், ஆனால் எங்கள் வீட்டில் அது தமிழாகவே வாழ்கிறது.

உம்மாவின் உம்மாவை நாங்கள் நேனே என்று அழைப்போம். இரண்டு வருடங்களுக்கு முன் மௌத்தாகும் வரை அவர் எங்களோடுதான் இருந்தார். ஒல்லாந்தர் காலத்தில் ஜாவா முதலான தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடு கடத்தப்பட்டவர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் இலங்கை மலாயர். சாப்பாட்டு நேரம் நேனே "நாசி மாக்கான்" என்று கூப்பிடுவார். சோறு சாப்பிடு என்பது பொருள். மலேசியாவில் இதையே "மாக்கான் நாசி" என்று மாற்றிச் சொல்வார்களாம். தமிழ் பேசும் மக்களோடு தலைமுறை தலைமுறையாகப் பழகியதால், தமிழில் போலவே வினைச்சொல் கடைசிக்குப் போன மலாய் மொழி எங்களுடையது என்று பிறகு அறிந்தேன். சொற்கள் ஜாவாக் கடலிலிருந்து வந்தவை, வாக்கியத்தின் நடை எங்கள் ஊரது. இதை அறிந்த நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் பெரியது. என்னைப் போலவே ஒரு மொழியும் இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஆனால் வெளியில் போனால் இந்தச் சந்தோஷம் சுருங்கிவிடும். மாத்தளையில் வளரும் பிள்ளைக்கு மொழி ஓர் உடுப்பு மாதிரி. பஸ் நிலையத்தில் சிங்களம், வகுப்பறையில் எழுத்துத் தமிழ், குர்ஆன் மத்ரஸாவில் அரபு, வீட்டில் "ஈக்கி", "எண்டு" என்று வரும் எங்கள் தமிழ். ரியூஷன் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் தோழி தோட்டத்துப் பிள்ளை. மாசி மகத்துக்கு முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதியில் வரும் நாளில் ஊரே அவளுடைய மொழியைப் பேசுவது போலிருக்கும். இத்தனை உடுப்பு மாற்றியதில், நான் நானாகப் பேசுவது எந்த இடத்தில் என்று எனக்கே விளங்காமல் போனது. ஆகவே பேச்சைக் குறைத்துக்கொண்டேன். "அமைதியான பிள்ளை" என்று பாராட்டும் கிடைத்தது.

பத்தாம் ஆண்டில் ஒரு பேச்சுப் போட்டிக்குப் போனேன். இறங்கி வந்தபோது நடுவர் ஒருவர், "கருத்து நல்லது. ஆனால் பேச்சில் சோனக வாடை வீசுகிறது. அதைக் கழுவினால் முன்னுக்கு வரலாம்" என்றார். அதே வாரம் உறவுக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, "வயசுக்கு வந்த புள்ள மைக்கப் புடிச்சிப் பேசுறது என்னத்துக்கு? பொம்புளட குரல் வெளியே கேக்கப்படாது" என்றார். ஒருவருக்கு என் உச்சரிப்பு பிழை, மற்றவருக்கு என் குரலே பிழை. இரண்டு பேரும் என் நன்மைக்குத்தான் சொன்னார்கள் என்று உம்மா சமாதானம் சொன்னார். எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்தது போலிருந்தது.

உறவுக்காரருக்கு அன்று நான் பதில் பேசவில்லை. இஸ்லாமிய நாகரிகப் பாடம் படிக்கும்போது பதில் தானாக வந்தது. தன் கணவரைப் பற்றி நபியவர்களிடம் முறையிட்டு வாதாடிய கவ்லா (ரலி) அவர்களின் குரலை அல்லாஹ் செவிமடுத்தான். குர்ஆனின் 58ஆவது அத்தியாயத்தின் பெயரே அந்தப் பெண்ணின் வாதாட்டத்தால் வந்தது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். முதன்முதலில் ஒன்றுதிரட்டி எழுதப்பட்ட குர்ஆன் பிரதி, உமர் (ரலி) அவர்களுக்குப் பிறகு அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களின் பாதுகாப்பில் இருந்தது. உஸ்மான் (ரலி) அவர்கள் அந்தப் பிரதியைக் கேட்டு வாங்கித்தான் மற்றப் பிரதிகளை எழுதுவித்தார்கள். பெண் பேசுவதும் எழுத்தைக் காப்பதும் எங்கள் மார்க்கத்தின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

நேனே மௌத்தான பிறகு அவருடைய பெட்டகத்தைத் திறந்தோம். அதில் ஒரு பழைய கொப்பி இருந்தது. அரபு எழுத்துக்கள், ஆனால் அரபு மொழியல்ல. இலங்கை மலாயர் தங்கள் மொழியை எழுதிய அரபு எழுத்தைக் குண்டுல் என்பார்கள். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் என்பவர் கொழும்பில் இந்த எழுத்தில் "ஆலாமத் லங்காபுரி" என்ற மலாய்ப் பத்திரிகையே நடத்தியிருக்கிறார். குண்டுல் என்றால் மொட்டை என்று பொருள். ஹரகத்துக் குறிகள் இல்லாத எழுத்து என்பதால் அந்தப் பெயர். ஒவ்வோர் எழுத்தாக எனக்கு வாசிக்க முடிகிறது, ஆனால் சொல்லாகச் சேர்க்க முடியவில்லை. மொழி தெரிந்தவருக்குத்தான் அது வாய் திறக்கும். உயிரெழுத்து இல்லாமல் மெய் மட்டும் கிடக்கும் பக்கங்கள்.

வாப்பாவின் உம்மா வீட்டில் இன்னொரு புத்தகம் உண்டு. அது அரபுத்தமிழ். தமிழின் ஓசைகளுக்காகச் சில எழுத்துக்களைப் புதிதாகச் சேர்த்துக்கொண்ட அரபு எழுத்து. ஹரகத்துக் குறிகளோடு இருந்ததால் மெதுவாக எழுத்துக்கூட்டி வாசித்தேன். இரண்டாவது வரியில் என் காதில் விழுந்தது வாப்பும்மா பேசுகிற தமிழ்! நம் முன்னோர் தங்கள் பேச்சின் வாடையைக் கழுவவில்லை, அதற்கென்று ஓர் எழுத்தையே ஒழுங்கு செய்திருக்கிறார்கள். 1882இல் "முஸ்லிம் நேசன்" பத்திரிகையைத் தமிழில் தொடங்கியவரும், பக்கத்துக் கண்டியில் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்தவருமான அறிஞர் சித்திலெப்பை நினைவுக்கு வந்தார். நடுவருக்கான பதில் எனக்கு அந்தப் புத்தகத்தில் கிடைத்தது.

ஒரே வீட்டில் இரண்டு எழுத்து. ஒன்றின் மொழி எனக்கு வந்து சேர்ந்தது. மற்றது நேனேயோடு போய்விட்டது. உம்மாவுக்கு மலாய் கேட்டால் விளங்கும், பேசமாட்டார். எனக்குத் தெரிந்தது ஐம்பது சொல் இருக்கும். குரல் ஒரே நாளில் அழிவதில்லை, மூன்று தலைமுறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

எங்கள் நகருக்கு வடக்கே ஏ9 வீதியோரம் இருக்கும் அலுவிகாரைக்கு வகுப்போடு போயிருந்தோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குமார் தலைமுறை தலைமுறையாக மனனத்தில் காத்துவந்த திரிபிடகம் எழுத்தில் ஏறிய இடம் அது. பஞ்சமும் போரும் வந்தபோது, மனனம் செய்தவர்கள் இறந்தால் வேதமும் போய்விடுமே என்று பயந்து எழுதினார்களாம். அங்கே ஓர் ஐயா எழுத்தாணியால் ஓலையில் கீறிக் காட்டினார். கீறும்போது ஒன்றும் தெரியவில்லை. கரிய மையைப் பூசித் துடைத்ததும் எழுத்துக்கள் எழுந்து நின்றன. என் சிங்களத் தோழி பெருமையோடு என்னைப் பார்த்தாள். எனக்கு நேனேயின் கொப்பிதான் ஞாபகம் வந்தது.

அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினேன். எழுதிய பெண்களையும் தேடினேன். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 1938இலேயே "காதலா கடமையா" என்ற நாவலைத் தன் பெயரில் வெளியிட்டிருக்கிறார். தமிழ்த் தாத்தா உ.வே.சா. அதைப் பாராட்டி எழுதியிருக்கிறார். சாய்ந்தமருதுக் கவிஞர் அனார் எழுதுவது புனைபெயரில். பஹீமா ஜஹானின் மெல்சிரிபுர, எங்கள் மாவட்டத்துக் கலேவெலயிலிருந்து குருநாகல் போகும் அதே வீதியில்தான் இருக்கிறது. அவருடைய "ஒரு கடல் நீரூற்றி" வெளிவந்தது 2007இல். எங்கள் ஊர் எழுத்தாளர்களோ மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன், மாத்தளை கார்த்திகேசு என்று ஊரையே பெயருக்கு முன்னால் தூக்கி வைத்தவர்கள். ஊரோடு சேர்த்துத் தன் பெயரைப் போட ஒரு பெண் எவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது!

இந்தச் சஞ்சிகைக்குக் கட்டுரை கொடுக்கப் போகிறேன் என்றதும் எங்கள் வீட்டிலும் அந்த யோசனை வந்தது. "புனைபெயர் ஒண்டு வெச்சிக்க மகள். நாளைக்கு உன்னப் பேசி வாரவங்க என்ன நெனப்பாங்களோ" என்றார் உம்மா. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. நான் குண்டுல் கொப்பியை எடுத்துவந்து உம்மாவின் மடியில் வைத்தேன்.

"இது யார்ட எழுத்து உம்மா?"

"தெரியாதே. நேனேட உம்மாட்ட இருந்தது எண்டு மட்டும்தான் நேனே சொல்லியீக்கி."

"அவங்க எழுதினதா, வேற யாரும் எழுதினதா?"

உம்மா முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தையும் பார்த்தார். எங்கேயும் பெயர் இல்லை. நீண்ட நேரம் கொப்பியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரு பேர எழுதி வெச்சிருந்தா, யார்ட எண்டாவது தெரிஞ்சிருக்கும்" என்றார். சிறிது நேரம் கழித்து, "நீ உன்ட பேரப் போடு" என்றார்.

சோதனை முடிந்ததும் மலாய் வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்பிடித்து அந்தக் கொப்பியை வாசிக்கச் சொல்ல வேண்டும். அதில் கவிதை இருக்கலாம், வெறும் மருந்துக் குறிப்பும் கடன் கணக்கும்கூட இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது எங்கள் வீட்டுப் பெண்கள் காத்துவந்த குரல்.

தங்கைமாரே, உங்கள் வீடுகளிலும் ஒரு நேனேயோ, வாப்பும்மாவோ, மூத்தம்மாவோ இருப்பார்கள். அவர்கள் பேசும் சொற்களைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத்துத் தமிழில் திருத்தாமல், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். "ஈக்கி" என்றால் ஈக்கி என்றே இருக்கட்டும். முதல் பக்கத்தில் திகதியையும் ஊரையும் போடுங்கள். உங்கள் பெயரையும் மறக்காமல் எழுதுங்கள்.