மூவாயிரம் ரூபாவுக்குள் ஒரு வில்லுக்கத்தி

கம்பஸில் படிக்கிற ஒரு பொம்பிளைப்பிள்ளை "மடக்குக் கத்தி ஒண்டு வாங்கப் போறன்" என்று சொன்னால் இரண்டு கேள்வி வரும். முதலாவது, "என்னத்துக்கு?" இரண்டாவது, "பாதுகாப்புக்கோ?" இரண்டும் கேட்காத ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதலாவது கேள்விக்கான பதில்தான். ஆனால் இரண்டாவதையும் தாண்டிப் போக ஏலாது.

முதலில் தேவையைச் சொல்கிறேன். பேராதனையில் நாங்கள் நாலு பேர் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருக்கிறோம். குசினி கீழே, அது வீட்டுக்கார அன்ரியின் ராச்சியம். ஒரு கொய்யாக்காயை வெட்டுவதற்காகக் கீழே போய்க் கத்தி கேட்டால், கூடவே அரை மணித்தியாலக் கதையும் கேட்க வேண்டும். ஊரிலிருந்து இரவு பஸ்ஸில் போட்டுவிடும் பெட்டி நைலோன் கயிற்றாலும் ரேப்பாலும் மூச்சுவிட முடியாமல் கட்டப்பட்டிருக்கும். உள்ளே கறுத்தக்கொழும்பான் இருந்தால், அதை நாலு பேருக்கும் சமமாகப் பங்கு போட வேண்டும். புவியியல் களப்பயணம் போனால் கயிறு வெட்ட, பென்சில் சீவ, பாண் வெட்ட என்று ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் "கத்தி இருக்கோ?" என்று கேட்பார். யாரிடமும் இருக்காது.

"கட்டர் வாங்கலாமே" என்பார்கள். கடதாசிக்கும் அட்டைக்கும் அதைவிட மலிவான நல்ல ஆயுதம் கிடையாது. ஆனால் துண்டு துண்டாக முறிவதற்கென்றே செய்த அலகு அது. பழம் வெட்ட அதைப் பாவிக்க மனம் வராது. பழம் வெட்டும் சின்னக் கத்தி வாங்கலாமா என்றால், மேசையில் மட்டுந்தான் வேலை என்றால் தாராளமாக வாங்குங்கள். காசுக்கு அதிகப் பெறுமதி தரும் கத்தி உண்மையில் அதுதான். மடிக்காத கத்திக்கு மூட்டு இல்லை, ஆட்டம் இல்லை, பூட்டு இல்லை. கொடுக்கிற காசு அலகுக்குத்தான் போகிறது. பைக்குள் வைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்றால்தான் மடக்குக் கத்தியைப் பற்றிப் பேச வேண்டி வரும். அதற்குக் கூடக் கொடுக்கிற காசு, அந்த ஒரு மூட்டுக்கான விலை.

என்னுடைய கணக்கு மூவாயிரம் ரூபா. அதற்கு மேல் போனால் அந்த மாதச் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நின்ற டொலர், அந்த வருட நடுப்பகுதிக்குள் 360ஐ எட்டியது. வெளிநாட்டுப் பொருட்களின் விலை அதோடு ஏறிப் பிறகு பழைய இடத்துக்கு இறங்கவேயில்லை. யூரியூப்பில் "குறைந்த விலைக் கத்திகள்" என்று ஒரு அமெரிக்கர் காட்டுகிற 30 டொலர்க் கத்தி, எங்களுக்கு மூன்று பேரின் ஒரு கிழமைச் சாப்பாடு. அதனால் அந்தப் பட்டியல்கள் எங்களுக்கு உதவாது. கத்தியின் பேரைப் பார்க்காமல், கத்தியையே பார்க்கப் பழக வேண்டும்.

இந்த விலைக்குள் இங்கே கண்ணில் படுபவை மூன்று வகை. முதலாவது, கறுப்புப் பூச்சு பூசி, அலகில் ஓட்டைகளும் பற்களும் வைத்து, சினிமாவில் வில்லன் எடுப்பது மாதிரியான கத்தி. இரண்டாவது, சிவப்புப் பிடியில் சிலுவை போட்டுப் பன்னிரண்டு கருவிகள் அடக்கிய "சுவிஸ்" கத்தி. மூன்றாவது, மரப்பிடியோ கொம்பு மாதிரியான பிளாஸ்டிக் பிடியோ போட்ட, ஒற்றை அலகுச் சாதாரணக் கத்தி. இது பெரும்பாலும் ஹாட்வெயார் கடையில், பூட்டுகளுக்கும் சுத்தியல்களுக்கும் நடுவில் தூசி படிந்து கிடக்கும்.

விலை எங்கே போகிறது என்று யோசித்தால் தெரிவு சுலபம். உற்பத்தியாளருக்கு ஒரு கத்திக்கு இவ்வளவுதான் செலவு என்று ஒரு அளவு இருக்கும். அதற்குள் பன்னிரண்டு கருவி செய்தால் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்குதான். பூச்சுக்கும் அலங்காரத்துக்கும் போட்டால் இரும்பில் குறையும். உண்மையான சுவிஸ் கத்தி வேறு கதை. கார்ல் எல்செனர் 1884இல் இபாக் என்ற ஊரில் பட்டறை தொடங்கி, 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். இன்று விக்ரோறினொக்ஸ் என்று நாங்கள் அறியும் கொம்பனி அதுதான். அந்தப் பேரில் பாதி அவருடைய தாய் விக்ரோறியா, மீதி பாதி துருப்பிடிக்காத உருக்குக்கான பிரெஞ்சுச் சொல். நிஜக் கத்தியில் அலகின் அடியில் அந்தப் பேர் குத்தியிருக்கும். நடைபாதையில் ஆயிரம் ரூபாவுக்கு விற்கும் சிவப்புக் கத்தியில் சிலுவை மட்டுந்தான் இருக்கும்.

ஆகவே கை காசு குறையக் குறைய, கத்தியும் எளிமையாக இருக்க வேண்டும். ஒரு அலகு, ஒரு மூட்டு, ஒரு பிடி.

இனி மூட்டு. எங்கட ஊரில் மடக்குக் கத்திக்கு வில்லுக்கத்தி என்றுதான் பேர். சின்ன வயதில் அது ஏன் வில்லு என்று நான் யோசித்ததில்லை. பிடியின் முதுகுப் பக்கமாக ஒரு உருக்குத் தகடு ஓடும், அதுதான் வில்லு. அலகின் அடிப்பாகத்தை அது அமத்திக்கொண்டே இருக்கும். திறந்தால் திறந்தபடி நிற்கும், மூடினால் மூடியபடி நிற்கும். பூட்டு என்று எதுவும் இல்லை. அலகின் முதுகில் அழுத்தினால் மடிந்து விரலுக்கு வரும். அதனால் இதனால் குத்தக்கூடாது, நெம்பக்கூடாது, கூர்ப்பக்கமாக அழுத்தி வெட்ட மட்டும் பாவிக்க வேண்டும். பனங்கட்டி உடைக்கக் கேட்ட அறைத்தோழிக்கு நான் கொடுக்கவில்லை. அதுக்கு அம்மிக்குழவிதான் சரி.

பூட்டு உள்ள கத்திகளில் மலிவு விலையில் அதிகம் கிடைப்பது லைனர் லொக். பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு ஒன்று, அலகு திறந்தவுடன் பக்கவாட்டில் நகர்ந்து அதன் பின்னால் முட்டுக்கொடுக்கும். நன்றாகச் செய்தால் மிக நல்லது. மலிவாகச் செய்தால் தகடு மெல்லிசாக இருக்கும், அலகின் பின்புறத்தை ஓரத்தில் மட்டும் தொடும். பூட்டு இருக்கிறது என்று நம்பிப் பலமாக அழுத்தும்போது அது வழுக்கினால் விரல் போகும். பூட்டில்லாத கத்தியைப் பிடிக்கிறவர் கவனமாக இருப்பார். பொய்ப் பூட்டுள்ள கத்தியைப் பிடிக்கிறவருக்கு அந்தக் கவனமும் இராது.

பிரான்சில் இருக்கும் சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். "பிள்ளை, இஞ்ச கிழவன்மாரெல்லாம் பொக்கெற்றுக்க ஒண்டு வைச்சிருப்பினம்" என்று ஒரு படம் அனுப்பினார். ஒபினல். சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒபினல் 1890இல் செய்யத் தொடங்கிய விவசாயக் கத்தி. பீச் மரப்பிடி, ஒரு அலகு, கழுத்தில் ஒரு உலோக வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். அந்த வளையம் 1955இல்தான் வந்தது. 8ஆம் இலக்க மொடலின் அலகு 8.5 சென்ரிமீற்றர். அங்கே 15 யூரோ அளவில் கிடைக்கிறதாம். நூற்றி முப்பது வருடமாக வடிவத்தைப் பெரிதாக மாற்றாமல் ஒரு பொருள் விற்பனையாகிறது என்றால், எளிமைக்கு அதைவிட வேறு சாட்சி தேவையில்லை. ஒரே சிக்கல், ஈரத்தில் மரம் ஊதி அலகு இறுகும். அப்போது பிடியின் அடியை மேசையில் தட்டி அலகை வெளியே வரச் செய்வார்களாம். கண்டி மழைக்கு அடிக்கடி தட்ட வேண்டி வரும். சித்தப்பா வரும்போது கொண்டு வரலாம், ஆனால் விமானத்தில் கைப்பைக்குள் வைக்க ஏலாது, பெட்டிக்குள் போட்டு அனுப்ப வேண்டும். அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாது. எனக்கு இந்தத் தவணைக்கே தேவை.

நான் கடைக்குப் போனபோது செய்த சோதனைகள் இவை. கத்தியைத் திறந்து அலகைப் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டிப் பார்த்தேன். கடகட என்று ஆடினால் திரும்ப வைத்துவிடலாம். மூடியபின் நுனி எங்கேயாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தேன். இது முக்கியம், பைக்குள் கை விடும்போது வெட்டுவது இதுதான். மூடிய அலகு பிடியின் நடுவில் நிற்கிறதா, ஒரு பக்கம் உரசுகிறதா என்று மேலிருந்து பார்த்தேன். நகத்தால் திறக்கும்போது வில்லு இறுக்கமாக, ஆனால் நகம் முறியாத அளவில் இருக்க வேண்டும். மூட்டில் ஆணியா ஸ்க்ரூவா என்று பார்த்தேன். ஸ்க்ரூ என்றால் பிறகு இறுக்கலாம். அதே மொடலில் ஐந்தை எடுத்துப் பார்த்து ஒன்றைத் தெரிந்தேன். மலிவுக் கத்திகள் ஒரே பெட்டிக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருக்கும். முதலாளி "தங்கச்சி, கலியாணத்துக்கோ பாக்கிறீங்க?" என்று கேட்டார். ஆனால் ஆறாவதையும் எடுத்துத் தந்தார்.

இரும்பு பற்றி ஒரு சொல். "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் குத்தியிருந்தால், குறோமியம் 10.5 வீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர அது எதையும் சொல்லவில்லை. "440" என்று மட்டும் இருந்தாலும் அப்படித்தான். 440ஏ, 440பி, 440சி என்று மூன்று உண்டு. கூரைத் தாங்கும் காபன் சி வகையில்தான் அதிகம், ஏ வகையில் குறைவு. எழுத்தை மறைத்து எண்ணை மட்டும் போடுவதற்குக் காரணத்தை நீங்களே ஊகிக்கலாம். இரும்பு என்னவென்று தெரியாத விலையில், மிச்சக் காசைத் தீட்டுக்கல்லில் போடுவதுதான் புத்தி. மென்மையான இரும்பு கெதியாக மொட்டையாகும், ஆனால் கெதியாகக் கூரும் ஆகும். கல்லில் பிடிக்கும் சாய்வுக்கு ஒரு வழி: சதுரக் கடதாசியின் மூலையை இரண்டு தரம் பாதியாக மடித்தால் 22.5 பாகை வரும். அலகை அதற்குக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தால் போதும். கல் வாங்கக் காசில்லை என்றால், ரீ குடிக்கிற கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பூச்சில்லாத கரடுமுரடான வளையம் இருக்கும். அதில் பத்துத் தரம் இழுத்தாலே தக்காளி வெட்டும்.

இப்ப இரண்டாவது கேள்வி. "பாதுகாப்புக்கோ?" என்று கேட்கிறவர்களில் பாதிப் பேர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் பைக்குள் மடித்து வைத்த, இரண்டு கையாலும் திறக்க வேண்டிய, பூட்டில்லாத ஒரு கத்தி பஸ்ஸில் யாரிடமிருந்தும் யாரையும் காப்பாற்றாது. பலமான கை பறித்தால் அது அவன் கையில் இருக்கும். அதைவிட எனக்குக் கோபம் வருவது அதற்குப் பின்னால் இருக்கிற யோசனையில்தான். இரவு ஏழு மணிக்கு லைப்ரரியிலிருந்து வருகிறவள் ஆயுதத்தோடு வரவேண்டும் என்றால், தெருவிளக்கையும் பஸ்ஸையும் பற்றி யாரும் பேசத் தேவையில்லை என்றாகிவிடுகிறது. நான் மாம்பழம் வெட்டத்தான் கத்தி வாங்கினேன்.

அம்மாவின் பயம் வேறு. அவர் பெடியளுக்குப் பயமில்லை, சோதனைக்குப் பயம். அப்பப்பாவிடம் புகையிலை நறுக்க ஒரு வில்லுக்கத்தி இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 வலிகாமம் வெறுமையானபோது, வீட்டில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதை மடியில் செருகிக்கொண்டு நடந்தாராம். சில வருடம் கழித்து ஏதோ ஒரு சோதனைச்சாவடியில் அதைக் கேட்டு அவரை வெயிலில் நிற்பாட்டி வைத்தார்கள். கத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார். அன்று அம்மாவும் பக்கத்தில் நின்றவர். 2019இல் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு வாளையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கச் சொல்லிப் பொலிஸ் அறிவித்தபோது, எங்கட வீட்டுத் தேங்காய் வெட்டுகிற கத்தியைக்கூட என்ன செய்வது என்று அவர் இரண்டு நாள் யோசித்தார்.

அதனால் தெரிவில் இதுவும் ஒரு அளவுகோல்: பார்க்கிறவருக்குக் கருவியாகத் தெரிய வேண்டும். பிரித்தானியச் சட்டம்கூட, பூட்டாத, வெட்டும் பகுதி 3 அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் கேட்காமல் கொண்டுதிரிய விடுகிறது. நமக்கு அந்தச் சட்டம் இல்லை, ஆனால் அந்த யோசனை உதவும். கட்டை அலகு, பூட்டில்லை, கறுப்புப் பூச்சில்லை, மரப்பிடி. கோட்டுக்கும் கூட்டத்துக்கும் விமான நிலையத்துக்கும் கொண்டுபோவதில்லை. கம்பஸில் பிரச்சினை நடக்கிற நாட்களில் அது அறை லாச்சிக்குள்தான்.

கடைசியில் கத்தி 1,850 ரூபா, இரண்டு பக்கத் தீட்டுக்கல் 650 ரூபா. மொத்தம் 2,500. இரண்டு கிழமைக்கு ஒருக்கா ஐந்து நிமிடம் தீட்டுகிறேன், மாங்காய் வெட்டினால் உடனே துடைத்து மூட்டுக்கு ஒரு துளி தேங்காயெண்ணெய். போன லீவுக்கு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா திறந்து, கட்டைவிரலால் கூரைப் பார்த்து, முருங்கைக்காய் ஒன்றை வெட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ்ஸில போகேக்க உடுப்புக்கு அடியில வை."

வைத்துக்கொண்டுதான் வந்தேன்.