316 லிட்டர் டிக்கி

என் நோட்டுகளில் முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை எழுதி முடித்தது ஒன்றே ஒன்றுதான். அட்டையில் 'தெர்மோடைனமிக்ஸ்' என்று இருக்கும் (வீட்டில் சந்தேகம் வரக்கூடாதல்லவா). உள்ளே முழுக்க எங்கள் வீட்டு டிசையர் காரின் டிக்கி. மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, எந்த மூலையில் எதை வைப்பது, எந்த ஒயர் எந்த வழியாகப் போகும்... எல்லாம் ஸ்கேல் வைத்து வரைந்த படங்கள். இன்ஜினியரிங் டிராயிங்கில் நான் வாங்கிய மார்க்கைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

ஆசை இதுதான். காருக்கு ஏர் சஸ்பென்ஷன் போட வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் 'புஸ்ஸ்' என்று கார் தரையோடு உட்கார வேண்டும். இன்னொரு பொத்தானில் எழுந்து நிற்க வேண்டும். டிக்கியைத் திறந்தால் நடுவில் பளபளவென்று காற்றுத் தொட்டி, இரண்டு பக்கமும் கம்ப்ரசர், பின்னால் ஒரு சப்வூஃபர், ஆம்ப்ளிஃபயர், சுற்றி நீல விளக்கு. டியூஷன் எடுத்துச் சேர்த்தது 42,000 ரூபாய். அது பத்தாது என்பது பத்தாம் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் திட்டம் போடக் காசா கேட்கிறார்கள்?

சாதாரண ஸ்பிரிங்கில் என்ன குறை என்று கேட்கலாம். கூட்டமே இல்லாத டவுன் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு விடை தெரியும். பஸ் நிறைய ஆள் ஏறினாலும் தாங்க வேண்டும் என்று செய்த இரும்புப் பட்டை, ஆள் இல்லாதபோது நம்மைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. இரும்பின் விறைப்பு சுமைக்கு ஏற்றபடி மாறாது. காற்று அப்படியில்லை. ரப்பர் பைக்குள் இருக்கும் காற்றின் அழுத்தத்தைக் கூட்டினால் அதிகச் சுமையைத் தாங்கும், விறைப்பும் கூடவே கூடும். சுமை குறைந்தால் காற்றை வெளியே விடலாம். காரின் உயரமும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும், குலுங்கும் வேகமும் பெரிதாக மாறாது. வோல்வோ பஸ்ஸில் தூக்கம் வருவதற்கு இதுதான் காரணம். சென்னையில் 2024-ல் வந்த தாழ்தளப் பேருந்துகள் நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆட்களை ஏற்றிக்கொள்வதும் இதே காற்றை வெளியே விட்டுத்தான்.

இந்த 'தாழ்த்தி உயர்த்தும்' பைத்தியத்துக்குப் பின்னால் ஒரு நல்ல கதை உண்டு. கலிஃபோர்னியாவில் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தங்கள் பழைய கார்களைத் தரையை உரசும் அளவுக்கு இறக்கி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1958-ல் ஒரு சட்டம் வந்தது. சக்கரத்தின் ரிம்முக்குக் கீழே காரின் எந்தப் பாகமும் இறங்கக்கூடாது. அடுத்த ஆண்டே ரான் அகிரே என்பவர் தன் கார்வெட் காரில் ஹைட்ராலிக் பம்ப் பொருத்திவிட்டார். போலீஸ் வந்தால் கார் உயரும், போனதும் தாழும்! அவர் பயன்படுத்தியது எண்ணெய், நான் கனவு கண்டது காற்று. ஆனால் வித்தை ஒன்றுதான். அந்த மாநிலத்தில் இப்படித் தாழ்த்திய கார்கள் மீதிருந்த தடைகள் 2024 ஜனவரியில்தான் நீங்கின. அறுபத்தைந்து ஆண்டுக்கும் மேல்!

சரி, நம் டிசையருக்கு வருவோம். பின்பக்கம் வேலை சுலபம். ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. ஸ்பிரிங்கை எடுத்துவிட்டுக் காற்றுப்பையை வைக்கலாம். முன்பக்கம் இரண்டும் ஒன்றாக இருக்கும் ஸ்ட்ரட் என்பதால் அதற்கென்றே செய்த பை வேண்டும், செலவு அங்கேதான் எகிறும். தொட்டி 19 லிட்டர். அதில் 10 பார் அழுத்தம் ஏற்றினால் உள்ளே இருப்பது கிட்டத்தட்ட 200 லிட்டர் வெளிக்காற்று. 'பழைய சிலிண்டர் ஒண்ணு கெடக்குது, வெல்டிங் வச்சுக்கலாம்' என்று நண்பன் ஒருவன் சொன்னான். 200 லிட்டர் காற்று ஒரே நொடியில் வெளியே வந்தால் டிக்கியும் இருக்காது, நாங்களும் இருக்க மாட்டோம் என்று அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

கணக்கு சொல்லாத ஒன்றை எங்கள் தெரு முனை பஞ்சர் கடை அண்ணன் சொல்லிக்கொடுத்தார். தினமும் காலையில் கடை திறந்ததும் கம்ப்ரசர் தொட்டிக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடிப்பார். "காத்த அமுக்குனா அதுல இருக்குற ஈரம் தண்ணியா எறங்கிரும் தம்பி. விட்டீங்கன்னா உள்ள இருந்தே துரு அரிக்கும்." அன்று சாயங்காலமே என் படத்தில் தொட்டிக்கு அடியில் ஒரு வடிகுழாய் சேர்ந்தது. தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் மூன்று மாதம் புரியாதது மூன்று நிமிடத்தில் புரிந்தது!

அடுத்தது பாட்டு. கடையில் '3000 வாட்ஸ்' என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள் நண்பர்களே. அது ஒரு கண நேர உச்சம். விடாமல் எவ்வளவு தரும் என்பதைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்கிற எண். இன்னொன்று, வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். அதனால் 300 வாட் ஆர்.எம்.எஸ்., 10 இஞ்ச் சப்வூஃபர், 18 மி.மீ. எம்.டி.எஃப். பலகையில் மூடிய பெட்டி என்று முடிவு செய்தேன்.

பிறகுதான் கரன்ட் கணக்கு உதைத்தது. ஆம்ப்ளிஃபயருக்கு சுமார் 28 ஆம்பியர். கம்ப்ரசர் ஒன்றுக்கு 20 வீதம் 40. ராத்திரியில் ஹெட்லைட், ஏசி, வைப்பர் எல்லாம் சேர்ந்தால் இன்னொரு 30. மொத்தம் 100-ஐத் தொடுகிறது. இந்த அளவு கார்களில் ஆல்டர்னேட்டர் தருவது பொதுவாக அதைவிடக் குறைவு. மீதியை பேட்டரிதான் தர வேண்டும். ஆக, மழையில், ராத்திரியில், பாட்டு போட்டுக்கொண்டு காரை உயர்த்தக் கூடாது. சரி, ஒரு கம்ப்ரசர் போதும் என்று ஒன்றை அடித்தேன்.

கடைசியாக இடம். 2006 பட்ஜெட்டில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். நிபந்தனைகளில் ஒன்று, நீளம் 4 மீட்டரைத் தாண்டக்கூடாது. அதற்காகவே 2012-ல் வந்த டிசையரைப் பின்னால் வெட்டி 3,995 மி.மீட்டரில் நிறுத்தினார்கள். டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. என் கணக்குப்படி தொட்டி, கம்ப்ரசர், வால்வு, சப்வூஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்து 80 லிட்டருக்குள் அடங்கும். 236 லிட்டர் மிச்சம்! நாலு நாள் ஊருக்குப் போகும் சாமானே வைக்கலாம். எவ்வளவு பொறுப்பான பையன் பாருங்கள் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அப்பாவிடம் நோட்டைக் கொடுத்தேன்.

அப்பா திட்டுவார் என்றுதான் நினைத்தேன். திட்டவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் பொறுமையாகப் புரட்டினார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அம்முச்சி சேரை எங்கடா வைக்கிறது?"

அம்முச்சி போன வருடம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் ஆகி, இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி. அப்பாதான் கூட்டிப்போவார். மடக்கிய வீல்சேர் டிக்கியில்தான் போகும். நான் அந்த நேரத்தில் கல்லூரியில் இருப்பேன். ஒரு நாள்கூட அதை ஏற்றி இறக்கியதில்லை.

"236 லிட்டர் இருக்குதுங்கப்பா" என்றேன். அப்பா எதுவும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தார்.

வாசலில் போய் வீல்சேரை மடக்கி உள்ளே வைத்துப் பார்த்தேன். நேராக வைத்தால் டிக்கி மூடவில்லை. படுக்க வைத்தால் கால் வைக்கும் பலகை இடித்தது. அதைக் கழற்றி, சக்கரத்தை இடது மூலைக்குத் தள்ளி, கொஞ்சம் சாய்த்தால் மூடியது. அப்படி மூடியபோது உள்ளே இருந்தது வெறும் டிக்கி. தொட்டியும் இல்லை, பெட்டியும் இல்லை. நான் லிட்டரில் கணக்குப் போட்டிருந்தேன். தண்ணீராக இருந்தால் 236 லிட்டர் ஊற்றியிருக்கலாம். வீல்சேரை ஊற்ற முடியாது.

கால் பலகையைக் கழற்ற வேண்டும் என்பது அப்பாவுக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு வருடமாக வாரத்துக்கு இரண்டு நாள் அவர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக எழுதி வைத்திருந்தேன், அப்பா கண்ணில் படக்கூடாது என்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனை வண்டியின் உரிமையாளருக்கு. ஆர்.சி. புக்கில் இருப்பது என் பெயர் இல்லை. ரான் அகிரே தன் சொந்த காரில் சட்டத்தோடு விளையாடினார். நான் அப்பாவின் காரில், அப்பாவின் பெயரில் விளையாடப் பார்த்தேன்.

அப்பா அந்தப் பக்கத்தையும் படித்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

42,000-ல் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். முன் கதவுகளில் நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, கதவுத் தகடு அதிராமல் இருக்க உள்ளே ஒட்டும் ஷீட், சீட்டுக்கு அடியில் அடங்கும் சின்ன சப்வூஃபர். ஒயரிங் நானே செய்தேன், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு. மொத்தம் 19,000-க்குள் முடிந்தது. டிக்கியில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் பிசியோதெரபிக்கு நான்தான் ஓட்டிப் போகிறேன். கால் பலகையைக் கழற்ற 20 விநாடி, சேரைச் சாய்த்து வைக்க இன்னொரு 20. அம்முச்சிக்குத் தாழ்ந்த சீட்டில் உட்காருவதைவிட எழுந்திருப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு முறையும் அவர் கையைப் பிடித்துத் தூக்கும்போது, கார் மட்டும் ஒரு பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. நோட்டில் அத்தனை பக்கம் எழுதியும் இந்த ஒரு உபயோகத்தை நான் எழுதவில்லை.

போன வாரம் அம்முச்சிக்குப் பிடிக்குமே என்று பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். புது ஸ்பீக்கர், நல்ல பேஸ். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நல்லாத்தான் இருக்குது கண்ணு. கொஞ்சம் சத்தத்தக் கொறச்சு வையி."