கேட்டாத் தப்பில்லைங்க

வாழைக்குப் பக்கக்கன்னு எடுக்கறதப் பத்தி இந்தத் தடவை எழுதறேன்னு சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல. இன்னைக்கு எங்க வீட்டு விஷயம் ஒண்ணு. தம்பி பையன்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதறேன். "பேரு மட்டும் போடாதீங்க பெரியப்பா"ன்னான்.

மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துச்சு. கணக்குல போயிட்டான். மாநிலத்துல முதல் இடம் யாருன்னு அறிவிக்கறதை 2017லயே அரசாங்கம் நிறுத்திருச்சு. எங்க ஊர் டீக்கடையில இன்னும் நிறுத்தலைங்க. காலைல பால் ஊத்தப் போனா, "பையன் எத்தனை மார்க்?" அதுதான் முதல் கேள்வி.

மூணு நாளா அவன் சரியாச் சாப்பிடலை. போனையும் அணைச்சு வெச்சுட்டான். "விடுங்கண்ணா, தானாச் சரியாயிரும்"னு தம்பி சொன்னான். எனக்கு மனசு கேக்கலை. நான் பத்தாவது படிச்சப்ப என்கூடப் படிச்சவன் ஒருத்தன் ஃபெயிலானான். தலையைக் குனிஞ்சுட்டுத் திண்ணையில உக்காந்திருந்ததை ஊரே பார்த்துச்சு. ஒருத்தரும் பக்கத்துல போய் உக்காரலை, நானும்தான். ஒரு வாரத்துல அவன் இல்லை. நாப்பது வருசம் ஆகப்போகுது. அந்த வீட்டைத் தாண்டறப்ப இன்னும் கண்ணு திண்ணைக்குத்தான் போகுது.

அன்னைக்கு ராத்திரி முறையில த்ரீ பேஸ் கரண்ட். "வா கண்ணு, தண்ணி கட்டணும், எனக்குத் துணைக்கு ஆளில்லை"ன்னு கூட்டிட்டுப் போனேன். அவன் டார்ச் பிடிச்சான், நான் மடை திருப்பினேன். ஒரு மணி நேரம் பேச்சே இல்லை. இருட்டுல மூஞ்சியப் பார்த்துப் பேச வேண்டியதில்லை பாருங்க, அதுவே நல்லதாப் போச்சு. அவனாத்தான் ஆரம்பிச்சான். "அப்பா மூஞ்சியப் பார்க்க முடியலை பெரியப்பா."

"நாங்கெல்லாம் அந்தக் காலத்துல..."ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். நேராவே கேட்டேன். "செத்துரலாம்னு தோணுதா சாமி?"

கேக்கறப்ப எனக்குக் கை நடுங்குச்சு. இல்லாத நினைப்பை நாமளே உண்டாக்கிருவமோன்னு பயம். அப்படி ஆகாது, கேட்டா மனசுல இருக்கற பாரம்தான் இறங்கும்னு பின்னாடி டாக்டர் சொன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "தோணுச்சு"ன்னான். அப்புறம் அழுதான். தண்ணி மடையை உடைச்சுட்டு அடுத்த பாத்திக்குப் போயிருச்சு. போகட்டும்னு விட்டுட்டு அவன்கூட வரப்புல உக்காந்திருந்தேன். விடியற வரைக்கும் அவனைத் தனியா விடலை.

விடிஞ்சதும் தம்பிகிட்டச் சொன்னேன். அப்புறம் மோட்டார் ரூம்ல திறந்து கெடந்த பூச்சி மருந்தையெல்லாம் இரும்புப் பெட்டியில போட்டுப் பூட்டினேன். சாவி என் அரைஞாண் கயித்துல. விவசாயி வீடு ஒவ்வொண்ணுலயும் இதைச் செய்யணுமுங்க. அந்த நினைப்பு பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான் முத்தி நிக்கும். அந்த நேரத்துல கைக்கு எட்டலைன்னா உசுரு தப்பிரும்.

14416க்கு அவனையே பேச வெச்சோம். அரசாங்கத்தோட டெலி மானஸ் நம்பர். 24 மணி நேரமும் பேசலாம், காசு இல்லை, தமிழ்லயே பேசறாங்க. அப்புறம் அரசு ஆஸ்பத்திரில மனநல டாக்டரைப் பார்த்தோம். "பையனுக்கு என்ன பைத்தியமா?"ன்னு சொந்தக்காரர் ஒருத்தர் கேட்டாரு. "காய்ச்சலுக்குப் போறதில்லீங்களா, அது மாதிரித்தான்"னேன்.

டீக்கடைக்கும் போனேன். "அவன்கிட்ட மார்க்கைக் கேக்காதீங்க, வாலிபால் ஆடக் கூப்பிடுங்க"ன்னேன். சொல்லக் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா சாயங்காலமே ரெண்டு பசங்க வாசல்ல வந்து நின்னாங்க.

டவுன்ல இருக்கற உங்களுக்கு வாய்க்கால், வரப்பு இருக்காது. வண்டியில பின்னாடி உக்கார வெச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. புத்தி சொல்லாமக் கூட இருங்க. சந்தேகமா இருந்தா வாயைத் திறந்து கேட்டுருங்க.

துணைத்தேர்வு எழுதியிருக்கான், ரிசல்ட் இன்னும் வரலை. வரட்டும், எதுவா இருந்தாலும் பார்த்துக்கலாம். நேத்து அவனே வந்து, "பெரியப்பா, இன்னைக்கும் ராத்திரிக் கரண்டா?"ன்னு கேட்டான். பகல் கரண்டுதான். இருந்தாலும் வான்னு சொல்லியிருக்கேன்.