சுவரில் ஒரு பென்சில் கோடு

2023 பெப்ரவரி 11, சனி

நேற்றுப் பகல் புத்தல, வெல்லவாய பக்கம் நிலம் அதிர்ந்திருக்கிறது. ரிக்டர் அளவில் 3 என்று புவிச்சரிதவியல் பணியகம் சொல்கிறது. எங்கள் தோட்டம் மலை மேலே. இங்கே ஒரு தம்ளர்கூட அசையவில்லை. ஆனால் வெல்லவாயவில் கடை வைத்திருக்கும் மைத்துனர் போன் எடுத்து, தட்டுச் சாமான் எல்லாம் கலகலவென்று சத்தம் போட்டதாகச் சொன்னார். குரலில் இன்னும் படபடப்பு இருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து தொலைக்காட்சியில் துருக்கி நிலநடுக்கம்தான். 7.8. மாடி மாடியாக அடுக்கியிருந்த வீடுகள் அப்படியே உட்கார்ந்துவிட்டன. அதைப் பார்த்த கண்ணோடுதான் இன்று மலை முழுக்கப் பேச்சு. மேல் லயத்துப் பையன் வழியில் நிறுத்திக் கேட்டான்: "சேர், இங்கயும் அப்படி வந்தா லயம் நிக்குமா?"

லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு: கருங்கல்லையும் மண்ணையும் வைத்து வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய சுவர், மேலே தகரம். 7.8 வந்தால் நிற்காது என்று சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் வருவதற்குக் காரணம் குறைவு என்பதையும் சொன்னேன். துருக்கி, புவித்தட்டுகள் ஒன்றோடொன்று உரசும் விளிம்பில் இருக்கிறது. இலங்கை இந்திய-அவுஸ்திரேலியத் தட்டின் உட்பகுதியில் இருக்கிறது. புத்தல, வெல்லவாயப் பகுதியில் மலைநாட்டுப் பழம்பாறையும் கிழக்கே விஜயன் தொகுதி என்கிற பாறையும் சந்திக்கின்றன; மகாபெலஸ்ஸ வெந்நீர் ஊற்று முதலானவை அந்தச் சந்திப்பை ஒட்டித்தான் கிடக்கின்றன. பழைய முறிவுகள் எப்போதாவது கொஞ்சம் அசையும். அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். அப்படிக் கணக்குப் போட்டால் துருக்கியில் வந்தது புத்தலயில் வந்ததைப் போல ஒன்றரைக் கோடி மடங்கு. பையன் வாயைப் பிளந்தான். கணக்குப் பாடத்தில் அவன் இப்படி ஒருநாளும் பிளந்ததில்லை.

பெப்ரவரி 22, புதன்

இன்று மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும். 3.2. மைத்துனர் பாட்டில்களைக் கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டாராம். கெட்டிக்காரத்தனம்.

மார்ச் 20, திங்கள்

எல்லோரும் நிலத்துக்கு அடியில் காது வைத்திருந்தோம். மலையோ மேலேயிருந்து வந்தது. நேற்றிரவு பூனாகலை கபரகலைத் தோட்டத்தில் மண்சரிவு. வீடுகள் மண்ணுக்குள். சிலர் ஆஸ்பத்திரியில். உயிர்ச்சேதம் இல்லை என்கிறார்கள். சத்தம் கேட்டதும் ஓடியிருக்கிறார்கள்.

ஊவா மாகாணத்தில் எங்களுக்கு வரக்கூடிய "பெரியது" இதுதான். பல்லேகலையில் நில அதிர்வு அளக்கும் கருவி இருக்கிறது, நல்லது. ஆனால் பசறையிலும் லுணுகலையிலும் கொஸ்லந்தையிலும் சனங்கள் படுக்கப் போகுமுன் பார்ப்பது மழையைத்தான்.

ஒக்டோபர் 29, ஞாயிறு

மீரியபெத்தை மண்சரிவு நடந்து ஒன்பது வருஷம்.

2014இல் இதே தேதி, புதன்கிழமை. கொஸ்லந்தைக்கு மேலே, ஹல்துமுல்ல பிரிவு. காலை ஏழரை மணியளவில் மலை பிளந்து வந்தது. பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் கிளம்பிவிட்ட நேரம். அதனால் பிழைத்தார்கள், திரும்பி வர வீடு இல்லாமல் பிழைத்தார்கள். நூற்றுக்கு மேல், இருநூறு என்று அன்றைக்குச் செய்திகள் ஓடின. கடைசியில் கணக்கு நாற்பதை ஒட்டி வந்து நின்றது. எடுத்த உடல்கள் அதில் பாதிகூட இல்லை. மற்றவர்களை மண்ணிலேயே விட்டு, தேடுவதை நிறுத்தினார்கள். ஒரு தோட்டத்தில் காலையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை அன்று பின்னேரம் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தால் பதிவு இருக்கும்.

அந்த இடம் ஆபத்தானது என்பது புதிய செய்தி இல்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. பிறகு நடந்த விசாரிப்புகளில் ஆளுக்கு ஆள் கை காட்டினார்கள். சொன்னோம், அவர்கள் போகவில்லை என்றது ஒரு பக்கம். எங்கே போகச் சொன்னீர்கள் என்று கேட்டது மறு பக்கம். எனக்கு இரண்டாவது கேள்விதான் கேள்வியாகப் படுகிறது. லயத்துக் காம்பராவில் நாலு தலைமுறை இருந்தவருக்கும் அந்தக் காம்பரா நிற்கும் மண் சொந்தமில்லை. காணி அரசாங்கத்துடையது. 1992இலிருந்து கம்பனிகள் நிர்வாகம் செய்கின்றன. கிராமத்தில் இருப்பவன் ஆபத்து என்றால் தன் காணியில் வேறொரு மூலைக்காவது நகர்வான், அல்லது விற்றுவிட்டுப் போவான். தோட்டத்தில் இருப்பவன் எதை விற்பான்?

தப்பியவர்கள் பூனாகலை மாகல்தெனியவில் ஒரு பழைய தேயிலை ஸ்டோரில் அடைந்து கிடந்தார்கள். 75 வீடுகள் 2016இல் கையளிக்கப்பட்டன. இரண்டு வருஷம். இடையில் எத்தனை மந்திரிமார் வந்து போனார்கள் என்று எண்ணியவர்கள் இருக்கிறார்கள், நான் எண்ணவில்லை.

நவம்பர் 14, செவ்வாய்

அடைமழை. வடகீழ்ப் பருவம் எங்களுக்குத்தான் முழுசாக விழும்.

நம் லயத்துக் கடைசிக் காம்பராவில் பாட்டி ஒருத்தி தனியே இருக்கிறாள். அவள் வீட்டுப் பின்சுவரில் அடியிலிருந்து கிளம்பி ஜன்னல் மூலை வரைக்கும் ஒரு வெடிப்பு. போன மழைக்கு வந்த அதிகாரி வெடிப்பு முடிகிற இடத்தில் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதிவிட்டுப் போனார். கோட்டைத் தாண்டினால் சொல்லுங்கள் என்றார். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது, கோடு தெரியும். காலையில் சாமி கும்பிட்டதும் அதைத் தடவிப் பார்க்கிறாள். இன்று பார்த்தேன், வெடிப்பு கோட்டுக்கு மேலே ஒரு விரல்கடை ஏறியிருக்கிறது. கிராம சேவகருக்குப் போன் பண்ணிச் சொல்லியாயிற்று.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு மழைமானி செய்தோம். நேரான பக்கமுள்ள பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்துப் புனலாக வைக்கவேண்டும். அடி குழிவும் மேடுமாக இருப்பதால் கொஞ்சம் சீமெந்து கரைத்து ஊற்றிச் சமப்படுத்தி, அதிலிருந்து அளவுகோலை ஒட்டவேண்டும். காலை எட்டரைக்கு வாசிப்பது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் மஞ்சள், கண் வைத்திரு. 100 என்றால் செம்மஞ்சள், மூட்டை கட்டு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால் சிவப்பு, வெளியேறு. இந்த மூன்று எண்ணும் எட்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு போல மனப்பாடம்.

எண் மட்டும் போதாது என்றும் சொன்னேன். ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்கினால், இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினால், இருந்த ஊற்று நின்றால், மரமோ கம்பமோ சாய்ந்தால், கதவு சட்டத்தில் இறுகினால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க காலத்துல மழைக்கு முந்தியே கான் எல்லாம் வெட்டி வச்சிருப்போம் சேர். இப்ப கானே தூந்து போச்சு, தண்ணி எங்க போகும்? மலைக்குள்ளதான் எறங்கும்." மண்சரிவு விளக்கம் இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் கேட்டதில்லை.

2024 ஏப்ரல் 24, புதன்

உமா ஓயா திட்டம் இன்று திறப்பு. ஈரான் ஜனாதிபதியே வந்திருந்தார். 120 மெகாவாற் மின்சாரம்; மொணராகலை வயல்களுக்குத் தண்ணீர். வேண்டியதுதான்.

பண்டாரவளைப் பக்கத்தார் இந்த நாளை வேறு மாதிரி நினைப்பார்கள். 2014 டிசம்பரில் இந்தத் திட்டத்தின் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டபின் மேலே கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன, நிலம் கீழிறங்கியது. 2017இல் பண்டாரவளைத் தெருவில் சனம் திரண்டது. நில அதிர்வு இல்லாமலே வீடு வெடிக்கும் என்பதை ஊவா அப்படித்தான் பார்த்தது. கிணறு வற்றிய வீட்டில் இன்றைய தொலைக்காட்சிக் காட்சியை எப்படிப் பார்த்திருப்பார்கள்?

2025 டிசம்பர் 7, ஞாயிறு

கரண்ட் வந்தது. எழுத முடிகிறது.

நவம்பர் கடைசியில் டித்வா புயல். நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் இறந்துவிட்டார்கள். பதுளை மாவட்டத்தில் மலைகள் ஒரே இரவில் பல இடத்தில் வந்தன. ரயில் பாதை அறுந்தது, றோட்டு அறுந்தது, போன் அறுந்தது. சிவப்பு அறிவிப்பு வந்ததா என்று கேட்கிறார்கள். வந்தது. போத்தல்கள் வழிந்தன. எங்கள் லயத்தார் பாட்டியையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார்கள். அடையாள அட்டை, ஈபிஎஃப் தாள், பிறப்புச் சான்றிதழ் எல்லாம் ஆளுக்கொரு சொப்பிங் பையில் முன்கூட்டியே கட்டி வைத்திருந்தார்கள். லயம் நிற்கிறது. பின்சுவர் இல்லை.

நேற்று அதிகாரிகள் வந்து இந்த இடம் குடியிருக்க ஏற்றதல்ல என்று எழுதிவிட்டுப் போனார்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் படித்த படிப்பையோ போட்ட வரைபடத்தையோ குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. பாட்டி கேட்டாள்: "எழுதிட்டாங்க. எங்க போகணும்னு எழுதினாங்களா?" தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பள்ளிக்கூடம் தவணைக்குத் திறந்தால் இந்தச் சனம் திரும்ப அந்த லயத்துக்குத்தான் போகும். வேறு வழி அவர்களுக்குக் கிடையாது. ஆகவே பிரதேச செயலகத்துக்கும் கம்பனிக்கும் கொழும்பில் இருப்பவர்களுக்கும் நாளை அனுப்பும் மனுவில் இதைத்தான் எழுதப்போகிறேன்: ஆபத்து என்று தாள் கொடுக்கும் அன்றைக்கே, எந்தக் காணி, எத்தனை பேர்ச்சஸ், யார் பெயரில் உறுதி என்ற தாளையும் கொடுங்கள். அடுத்த ஒக்டோபர் மழைக்கு முன் கொடுங்கள்.